தெருவை வீட்டுக்குள் விட்ட தனபாக்கியம் அக்கா

பாலக்கரையில் மகள் வீட்டில் காலை டீயைக் கையில் வாங்கிய நேரத்தில்தான் சேதி வந்தது. இலைக்கடை கோவிந்தன் போனில் சொன்னான். "அண்ணே, படிவீட்டு அக்கா போயிட்டாங்க. விடியக்காலையில, தூக்கத்துலேயே." டீயைக் கீழே வைத்துவிட்டேன். அழுகை வருவதற்கு முன்னால் என் வாயில் வந்தது, "படி திறந்திருக்கா?" என்ற கேள்விதான். கோவிந்தன் சொன்னான். "இப்ப திறந்துதான் இருக்கு. மகன் சேகர் ஓசூர்லேருந்து வந்துக்கிட்டிருக்காரு. அப்புறம் என்ன பண்ணுவாரோ தெரியல. எல்லாரும் உங்களை மாதிரி அதைத்தான் முதல்ல கேக்குறாங்க."

தனபாக்கியம் அக்காவை அறியாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை; சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். ஆற்றோரத்தில் வாழை இலைக் கட்டு சுமந்தே வயதானவன். அந்தத் தெருவின் மேடு பள்ளமெல்லாம் என் முழங்காலுக்குத் தெரியும்.

வெளியூர்க்காரர் யாரும் அந்தத் தெருவை ஒரே பார்வையில் விளங்கிக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஏனென்றால் அது ஒரு தெரு இல்லை. ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று. மேலே, பாலத்துக்கு ஏறும் சாலை. பஸ்ஸெல்லாம் அதில்தான் போகும். அந்தச் சாலையைத் தாங்கும் பெரிய சுவரின் அடியில், கிணற்றுக்குள் இருப்பதுபோல நிழலடித்துக் கிடக்கும் பழைய தெரு. அங்கே பூக்கட்டுகிறவர்களும் தையல்காரர்களும் பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பார்கள். அதற்கும் கீழே, காவிரியை ஒட்டிப் படித்துறைப் பாதை.

நான் சுமை தூக்க வந்த புதிதில் பழைய தெருவும் ஆறும்தான் இருந்தன. பாலம் வந்தபோது வீடுகளுக்கு எதிரே மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள். மாடி ஜன்னல் உயரத்துக்குச் சாலை வந்து நின்றது. வீட்டுக்காரர்கள் தூசுக்குப் பயந்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அக்காவின் மாமனார் மட்டும் ஜன்னலை இடித்துக் கதவு வைத்தார். கதவிலிருந்து சாலை வரைக்கும், பழைய தெருவின் தலைக்கு மேலே, ஒரு கற்பலகையைப் போட்டார். அப்படித்தான் அந்த வீட்டுக்கு மூன்று வாசல் வந்தது. மேல்வாசலில் நின்றால் மலைக்கோட்டை. நடு வாசல் பழைய தெருவில். கீழ்வாசலில் நின்றால் அக்கரையில் ஸ்ரீரங்கத்துக் கோபுரம். இரண்டுக்கும் நடுவே வீட்டுக்குள்ளேயே வளைந்து ஏறும் படி. ஒரு வீட்டுக்குள் ஊரின் இரண்டு முகத்தையும் பார்க்கலாம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கும்.

மேலுக்கும் கீழுக்கும் போய்வர, தெருமுனையில் பொதுப்படி ஒன்று இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அது அடிமண் கரைந்து சரிந்துவிட்டது. மறுநாள் காலையில் குளித்துக் கரையேறிய பெண்கள் ஈரச்சேலையோடு போக வழியில்லாமல் நின்றார்கள். நான் தலையில் கட்டோடு அவர்கள் பின்னால் நின்றேன். அக்கா கீழ்வாசலைத் திறந்து எட்டிப் பார்த்தார். "ஏன் நிக்கிறீங்க? இப்படி வாங்க" என்றார். நடு வாசலில் தையல் மெஷினில் இருந்த அவர் வீட்டுக்காரர் எங்கள் வரிசையைப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார். "படி கட்டுற வரைக்கும்" என்றார் அக்கா. கட்டித் தருகிறோம் என்று சொல்லிப் போன முனிசிபாலிட்டிக்காரர்கள் திரும்பி வரவே இல்லை. அக்காவும் கதவைச் சாத்தவே இல்லை.

ஒரு நாள் இரண்டு நாள் யாரும் செய்வார்கள். ஆயுசு முழுக்கத் தன் அடுப்படி வழியாக ஊர் நடக்க விட்டவரை வேறு எங்கே பார்ப்பது? சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். ஆட்டைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆடிப்பெருக்கன்றைக்குக் காதோலை கருகமணி வைத்த தட்டோடு புதுப்பெண்கள் இறங்குவதும் ஏறுவதுமாக, பெரிய கடைவீதியே தோற்றுப்போகும். அக்கா வைத்தது ஒரே சட்டம்: ஈரம் இடது பக்கம், காய்ந்தவர்கள் வலது பக்கம். ஏறுகிறவர்கள் "கீழேருந்து வரேன்" என்று குரல் கொடுக்க வேண்டும், இறங்குகிறவர்கள் "மேலேருந்து வரேன்" என்று. திருப்பத்தில் முட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான். யார் குரல் கொடுத்தாலும் அக்காவிடமிருந்து "வாங்க" என்று பதில் வரும். ரசத்தைத் தாளித்துக்கொண்டிருப்பார், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் "வாங்க" வந்துவிடும்.

"அக்கா, இன்னிக்குப் பெருங்காயம் தூக்கலா இருக்கே" என்பேன். "நீ கட்டைத் தூக்கு, பெருங்காயத்தை நான் தூக்கிக்கிறேன்" என்பார். கோவிந்தன் ஒருமுறை, "ஆளுக்கு இவ்வளவுன்னு வாங்கலாமேக்கா, மாடி மேல மாடி கட்டியிருப்பீங்க" என்று சீண்டினான். "தெருவுல நடக்க எவனாவது வாடகை கேப்பானா? வேலையைப் பாருடா" என்றார்.

மணப்பாறையிலிருந்து திதி கொடுக்க வந்த ஒருவர், படி ஏறி வந்து அடுப்பைப் பார்த்ததும் திகைத்துவிட்டார். "ஏம்மா, நடுத்தெருவுல அடுப்பு வெச்சிருக்கியே, போறவங்க வர்றவங்க மேல படாதா?" என்று கோபித்தார். அக்கா, "தப்புதாங்க, உட்காருங்க, டீ குடிங்க" என்றார். அவரும் உட்கார்ந்து குடித்துவிட்டு, "எவ்வளவு?" என்று கேட்டார். அவர் கற்பலகையைத் தாண்டும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அவர் சொன்னதுல என்னடா தப்பு?" என்று அடுப்பைச் சுவரோரம் ஒரு சாண் நகர்த்தினார்.

அக்காவை நான் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கியது அவர் மகள் கல்யாணத்தின்போது. ஆவணி மாதம். ஆற்றில் தண்ணீர் ஏறி, படித்துறைப் பாதை முழுகிவிட்டது. மேல்வாசலில் வாழைமரம் கட்டியாகிவிட்டது, விடிந்தால் முகூர்த்தம். அன்று மத்தியானம், கீழே குடிசையில் இருந்த பரிசல்கார மாரியின் அம்மா இறந்துபோனார். மயானத்துக்கு எப்போதும் ஆற்றோரமாகத்தான் போவோம். அந்த வழி தண்ணீருக்குள் இருந்தது. மாரி முழங்கால் தண்ணீரில் கீழ்வாசலில் வந்து நின்றான். அக்காவே கேட்டார். "எப்படிடா கொண்டுபோகப் போற?"

"பரிசல்ல வெச்சுப் பார்க்கிறேங்க்கா."

"இந்தத் தண்ணியிலயா? அம்மாவோட நீயும் போறதுக்கா? மேலே தூக்கிட்டு வா."

கல்யாணத்துக்கு வந்திருந்த அக்காவின் சித்திக்குப் பதறிவிட்டது. "பந்தல் போட்ட வீட்டுக்குள்ள பொணத்தையா விடப்போற? உன் பொண்ணு வாழ வேண்டாமா?" அக்கா அடுப்பை அணைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "வீடு என்னோடதுதான் சித்தி. படி தெருவாகி எவ்வளவோ நாளாச்சு. அந்தம்மா தினம் இதுல நடந்தவங்க. இன்னிக்கு மட்டும் வராதேன்னா எப்படி?"

நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். முதல் படியில் கால் வைத்தபோது மாரி பழக்கத்தில், "கீழேருந்து வரேன்" என்றான். குரல் உடைந்தது. மேலேயிருந்து, "வாங்க" என்றார் அக்கா. அந்த 'வாங்க' யாருக்கு என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மாப்பிள்ளை வீட்டார் முசிறிக்காரர்கள். சேதி கேட்டுச் சம்பந்தி வந்தார். அக்கா எதையும் மறைக்கவில்லை. அவர் படியை மேலும் கீழும் பார்த்தார். ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். "சரிங்க. முகூர்த்த நேரத்துலயாவது யாரும் இந்தப் பக்கம் வராம பார்த்துக்குங்க" என்றார். "அதுக்கு நான் வாக்குக் குடுக்க முடியாதுங்களே சம்பந்தி" என்றார் அக்கா. கெட்டிமேளம் கொட்டும்போது இலைக் கட்டோடு உள்ளே நுழைந்தவன் நான்தான். அந்தப் பெண் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டது.

சேகர் வந்து சேர்ந்த மறுநாள் அக்காவைக் கொண்டுபோனபோது மூன்று தெரு ஜனமும் வந்திருந்தது. பழக்கப்படி கீழ்வாசல் வழியாக, ஆற்றோரமாகவே கொண்டுபோனோம். சேகர் கொள்ளி வைத்தார். காலையிலிருந்து அவர் அலமாரியையும் பரணையும் கிளறிக்கொண்டே இருந்தார். எல்லோரும் காவிரியில் முழுகிவிட்டுத் திரும்பினோம். அவர் கீழ்வாசலில் நின்றார். நாங்கள் பத்தடி தள்ளி நின்றோம். படியைச் சாத்திவிடுவாரோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவரே என்னைப் பார்த்துச் சொன்னார். "வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பலாம்னு காலையிலேருந்து பூட்டைத் தேடுறேன் மாமா. மூணு வாசல் இருக்கு. ஒரு பூட்டுகூட இல்ல. எங்கம்மா பூட்டே வாங்கல போலிருக்கு." அவர் கண் கலங்கியதை அப்போதுதான் பார்த்தேன். பிறகு ஒதுங்கி, வழி விட்டார். "நில்லாதீங்க, போங்க. ஈரம் இடது பக்கம்."

மறுநாள் மேல்சாலையில் இருக்கும் ஹார்டுவேர் கடைக்கு அவர் போவதைக் கோவிந்தன் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தான். "போயிட்டாருண்ணே, பூட்டு வாங்கத்தான்" என்றான். நான் பஸ் பிடித்துப் போய் இறங்குவதற்குள் அவர் ஸ்டூல் போட்டு ஏறி நின்றுகொண்டிருந்தார். படித் திருப்பத்தில் ரொம்ப நாளாக எரியாமல் இருந்த பல்பைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டிக்கொண்டிருந்தார். "இருட்டுல யாராவது விழுந்துடுவாங்க" என்றார். ஓசூருக்குப் போகும்போது நடு வாசலில் உட்கார்ந்து பூக்கட்டும் பூக்காரம்மாவிடம், பெருக்கித் தண்ணீர் தெளிக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பூட்டு வாங்கவில்லை.

நான் சுமை தூக்குவதை விட்டு வெகுநாளாகிவிட்டது. அக்காவிடமிருந்து என்னோடு தங்கியிருப்பது ஒன்றுதான். போன வாரம் ஆஸ்பத்திரியில் மாடிப்படியில் கால் வைத்ததும் என் வாய் தானாக, "கீழேருந்து வரேன்" என்றது. மேலே நின்ற நர்ஸ், "யாரைக் கூப்பிடுறீங்க தாத்தா?" என்று கேட்டது. யாரையும் இல்லை என்றேன். அந்தப் பெண் கொஞ்சம் ஒதுங்கி நின்று, "சரி, வாங்க" என்றது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலது பக்கமாகவே ஏறினேன்.