அப்பாவுக்குப் பிடிக்காத சத்தம்

எங்கள் வீட்டில் எதுவும் கிறீச்சிடாது. அப்பா விடமாட்டார். கதவு, ஜன்னல், கிரைண்டர், கீழ்வீட்டுக்காரரின் சைக்கிள் என்று எது முனகினாலும் அவருடைய வைத்தியம் உடனே ஆரம்பித்துவிடும். கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தின் காலிப் புட்டி ஒன்றில் எண்ணெய் நிரப்பி வைத்திருப்பார். அதுவும் கடை எண்ணெய் இல்லை. லால்குடியிலிருந்து அத்தை கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சி அனுப்பும் தேங்காயெண்ணெய். அவர் தலைக்கும் அதுதான், கதவுக்கும் அதுதான். முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர். மெஷினுக்கு எண்ணெய் போட்டுவிட்டுத்தான் அன்றைய முதல் எழுத்தைத் தட்டுவாராம்.

அம்மா போன பிறகு அவரை லால்குடி வீட்டிலிருந்து என்னோடு ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வந்த புதிதில் ஒருநாள் மிக்ஸியைக் குழாயடியில் காட்டிக் கழுவிக் கெடுத்துவிட்டார். நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன். சரி, நாலு வார்த்தை. பிள்ளைகளை அதட்டியே பழகிய வாத்தியார் வாய் என்னுடையது. மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு லால்குடிக்குப் போனவர் திரும்பி வர எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு, போனில் மட்டும் "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வந்த பிறகும் அந்தப் பை பாதி அடுக்கியபடியே கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பெருக்கும்போதெல்லாம் அதைத் துடைப்பத்தால் இன்னும் உள்ளே தள்ளிவிடுவேன்.

கணவருக்குச் சென்னையில் வேலை. அதனால் புது காரை நான்தான் பார்த்து வாங்கினேன், நான்தான் ஓட்டுகிறேன். கே.கே. நகரில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போன காலம் முடிந்தது என்று இரண்டு மாதம் தரையில் கால் படாமல் திரிந்தேன். மார்கழிப் பனி ஆரம்பித்ததும் கார் கத்தத் தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்தால் பூனையின் வாலை மிதித்த மாதிரி ஒரு வீறிடல். தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருப்பவர்கள் எல்லாம் கையில் மாவோடு நிமிர்ந்து பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும். ஷோரூமுக்குப் போன் செய்தேன். "பெல்ட்டுல ஈரம் பட்டா அப்படிக் கத்தும் மேடம், ஒரு நாள் கொண்டாங்க, பாத்துடலாம்" என்றார்கள். கொண்டுபோக எனக்கு எங்கே நேரம்? ஒரு வாரத்தில் சத்தம் தானாகவே அடங்கிவிட்டது. காருக்கே என் மேல் இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை, அப்பாவின் கண்ணை டாக்டரிடம் காட்டப் புத்தூருக்குக் கிளம்பினோம். காவிரிப் பாலத்தின் நடுவில் போகும்போது முன்பக்கம் பட்டென்று ஏதோ அறைந்தது. பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. சற்று நேரத்தில் எஞ்சின் சூட்டைக் காட்டும் விளக்கும் சேர்ந்துகொண்டது. ஓரங்கட்டினேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் போனில் கத்திக்கொண்டிருக்க, அப்பா இறங்கிப் போய் வருகிற வண்டிகளுக்கெல்லாம் கையைக் காட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தார். வருவது பஸ்ஸா ஆட்டோவா என்று சரியாகத் தெரியாத மனிதர். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையையும் சேர்த்து ஷோரூம்காரர்கள் மேல் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

இழுவை வண்டி காரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நான் ஆரம்பித்தேன். "மூணே மாசம்ங்க! புது வண்டின்னு சொல்லி எதைத் தலையில கட்டினீங்க? பாலத்து நடுவுல எங்கப்பாவுக்கு ஏதாவது ஆகியிருந்தா?" ஷோரூமே திரும்பிப் பார்த்தது. சோபாவில் காகிதக் கப்பில் காபியோடு உட்கார்ந்திருந்த அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"விடாதம்மா, நல்லா கேளு" என்றார்.

நரைத்த தலையோடு ஒரு மெக்கானிக் வந்து, "மேடம், கொஞ்சம் உள்ள வாங்க" என்று கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அழைத்துப்போனார். மேசை மேல் அறுந்த பெல்ட் கிடந்தது. ரப்பர் உப்பி, ஓரமெல்லாம் நார்நாராகப் பிரிந்திருந்தது.

"எண்ணெய் பட்டா ரப்பர் இப்படி ஊறிப்போயிடும் மேடம். வழுக்கி வழுக்கி, கடைசியில அறுத்துக்கும். யாராவது எண்ணெய் விட்டீங்களா?"

"நான் ஏங்க விடப்போறேன்?"

"மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். கரிசலாங்கண்ணி. அப்பாவின் தலையணை வாசனை.

காலையில் நடக்கப் போகிறேன் என்று அவர் கிளம்பும்போது ஆணியில் கார்ச்சாவி இருந்ததா, இல்லையா என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நான் எழுந்திருப்பதற்கு முன்பே கீழே போய், பானெட்டைத் தூக்கி, சத்தம் வந்த இடத்தைத் தடவிக் கண்டுபிடித்துச் சொட்டு விட்டிருக்கிறார். தெருவே என்னைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று.

"தப்பு எங்களுதுதாங்க. கத்தினதுக்கு மன்னிச்சுக்குங்க" என்றேன். "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அப்பா வெளியில இருக்காங்க."

அவர் கண்ணாடி வழியே அப்பாவின் பளபளக்கும் தலையைப் பார்த்தார். "எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காருங்க" என்றார். "புது பெல்ட் போட்டு வைக்கிறேன். நாளன்னிக்கு வந்து எடுத்துக்குங்க."

இதோடு முடிந்திருக்கும். என் சத்தம் நின்றுபோனது அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா நிறுத்திட்ட?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் தள்ளி உள்ளே வந்தவர், மேசையிலிருந்த பெல்ட்டைக் கையில் எடுத்தார். கண் சரியாகத் தெரியாததால் எதையும் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்த்தான் பார்ப்பார். பார்த்தார். இன்னொரு முறை மோந்தார். பிறகு பெல்ட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் ஆட்டோவில், பாலம் தாண்டிய பிறகு, "சத்தம் நின்னுடுச்சேன்னு சந்தோஷப்பட்டேம்மா" என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தார். "காலையில லால்குடி போயிட்டு வரேன்மா."

"எனக்குக் கோபமே இல்லப்பா."

"தெரியும்மா. நான் இருந்தா ஏதாவது ஒண்ணு கெட்டுக்கிட்டே இருக்கு. அதான்."

கண் டாக்டரைச் சொல்லிப் பார்த்தேன், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். சமையலறைக் குப்பைக்கூடையில் அந்தச் சொட்டு மருந்துப் புட்டி கிடந்தது. எடுத்துக் கழுவி, எண்ணெய் நிரப்பி, அதன் இடத்திலேயே வைத்தேன். சாயங்காலம் அவர் காவிரிக்கரை அம்மா மண்டபம் வரை நடந்துவிட்டு வரப் போனார். அவர் தலை மறைந்ததும் வெந்நீர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, பழைய பல் பிரஷ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாசற்கதவின் கீல்களோடு உட்கார்ந்தேன். மூன்று முறை தேய்த்துக் கழுவிய பிறகுதான் அது கத்தியது. அவர் திரும்பும்வரை கதவைத் திறந்தே வைத்திருந்து, அவர் தூங்கிய பிறகுதான் சாத்தினேன்.

காலையில் பையோடு வந்து கதவைத் திறந்தார். கதவு வீறிட்டது. அப்பா நின்றுவிட்டார். சாத்தினார், மறுபடி திறந்தார். மறுபடியும் வீறிட்டது.

"எத்தனை நாளாம்மா இது?"

"யாரு கவனிச்சா? நீங்க போயிட்டு வாங்கப்பா. அது பாட்டுக்குக் கத்தட்டும்."

பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்ப் புட்டியை எடுத்துவந்தார். கீலுக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனவர், "சோப்பு வாசனை அடிக்குதே" என்றார். நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். ஒவ்வொரு கீலுக்கும் மூன்று சொட்டு விட்டார், கதவை ஆட்டிப் பார்த்தார். சத்தம் இல்லை.

"அந்தக் கண் டாக்டர் திங்கக்கிழமை இருப்பாரா?" என்றார் முதுகைக் காட்டியபடியே.

"இருப்பாருப்பா."

இந்தமுறை நான் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளவில்லை. பிரித்து, வேட்டிகளை எடுத்துப் பீரோவில் அடுக்கினேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். காலியான பையை அவரே மடித்து வைத்தார்.