தடை உத்தரவு வந்து சேரும்வரை

சபையாரே, கர்த்தரைத் துதிக்கத்தான் எழுந்து நிற்கிறேன். ஆனால் முதலில் என் பயத்தைச் சொல்லவேண்டும்.

என் வீட்டுக்காரர் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. அவர் வாடகைக்கு எடுத்த வீட்டில்தான், சிராங்கூன் ரோட்டுச் சந்தில், நானும் என் இரண்டு பெண்களும் இருக்கிறோம். ஒரே வாசல், நடுவில் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் பொன்னம்மா குடும்பம். இந்த லெந்து நோன்புக் காலம் தொடங்கியபோது வீடு கைமாறியது. புது முதலாளி காலி செய்யச் சொன்னான். நான் அசையவில்லை. கூரை ஓட்டைப் பிரித்துவிட்டால் மழைக்குத் தானாகப் போவாள் என்று கடைத்தெருவில் பேசியிருக்கிறான்.

அன்று முதல் நான் ஒருவரையும் நம்பவில்லை. வக்கீல் சிரித்தால், அந்தப் பக்கம் விலைபோய்விட்டாரோ என்று நினைப்பேன். நம் சபை ஐயர் ஜெபிக்க வந்து, "சமாதானமா போங்கம்மா" என்றார். இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று யோசித்தேன். ஐயரே, மன்னிக்கவேண்டும். எல்லாரையும்விடப் பொன்னம்மா மேல்தான் சந்தேகம். முதலாளியின் கூலிகளை மேய்க்கிற மண்டோர் அவளோடு குழாயடியில் பேசியதை என் கண்ணால் பார்த்தேன். அவளோடு பேச்சை நிறுத்தினேன். பலகை இடுக்கில் காதை வைத்துக் கேட்பேன். "ஆண்டவரே, என்னைக் காட்டிக்கொடுக்கிறவர் யார் என்று காட்டும்." இதுதான் என் ஜெபம்.

வழக்கு முடியும்வரை வீட்டில் யாரும் கைவைக்கக்கூடாது என்று தற்காலிகத் தடை உத்தரவு கேட்டு வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார். "நாளைக்குக் காலையில ஜட்ஜ் பாப்பாரும்மா. ஆனா உத்தரவு முதலாளி கைக்குப் போய்ச் சேரணும். அதுவரைக்கும் அது அவனைக் கட்டுப்படுத்தாது" என்றார்.

மறுநாள் விடிந்து பார்த்தால் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னடி இது, வேதக்காரங்க வாசல்ல?"

"சின்னவளுக்கு அம்மை போட்டிருக்குக்கா. வாசல் ஒண்ணுதானே, நான் வேற எங்க கட்டுறது?"

பொய், என்னை அருவருக்கவைத்துக் கிளப்ப மண்டோர் சொல்லிக்கொடுத்த வேலை என்றே நினைத்தேன். பிடுங்கக் கையை வைத்தேன். அப்போது உள்ளே பிள்ளை முனகியது. கை தானாக இறங்கிவிட்டது. என் பக்கம் போய் முழங்காலில் விழுந்து, "எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, நீரே பாரும்" என்று அழுதேன்.

லாரி வந்து நின்றது. ஏணியோடு கூலிகள் இறங்கினார்கள், எல்லாரும் நம் தமிழ் ஆட்கள். வேப்பிலையைக் கண்டதும் முன்னால் வந்தவன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்வாங்கினான்.

"ஆத்தா இறங்கியிருக்கிற வீடு லா. நாங்க கை வைக்கமாட்டோம்."

"ஏறுங்கடா!" என்று மண்டோர் கத்தினான்.

"நீயே ஏறு லா."

அவனும் ஏறவில்லை. பொன்னம்மா மேல் பாய்ந்தான். "குழாயடியிலேயே உன்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னேனே, கேட்டியா?"

"அக்காவைத் தனியா விட்டுட்டுப் போகமாட்டேன்னு அன்னைக்கே சொல்லிட்டேன்ல?"

ஐயோ, இவளையா சந்தேகித்தேன்! வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மண்டோர், வேப்பிலைக்குப் பயப்படாத சீன ஆட்களைத் தேடிப் போனான். அவர்களோடு அவன் திரும்பியபோது வக்கீலின் கிளார்க் வாசலில் நின்றார். உத்தரவை முதலாளி கையில் கொடுத்துவிட்டு வந்திருந்தார். லாரி அப்படியே திரும்பியது.

வேப்பிலையா காப்பாற்றியது என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. சுளியுங்கள். துரோகியைக் காட்டும் என்று கேட்டவளுக்கு என் கர்த்தர், எனக்காக நின்ற ஒருத்தியைக் காட்டினார். அவருக்கே ஸ்தோத்திரம்.

உத்தரவு தற்காலிகம்தான். நாளைக் காலை வழக்கு வருகிறது. வீடு எங்களுக்கு நிற்குமா, தெரியாது. ஆனால் நெஞ்சு படபடக்கவில்லை. என்னைப் போல ஊரையே சந்தேகித்து உருக்குலைந்தவர்கள் இங்கே இருந்தால், பாரத்தை அவரிடம் விட்டுப் பாருங்கள். மனமிருந்தால் நாளை என்னோடு கோர்ட்டுக்கு வாருங்கள். என் அறைச் சாவியைப் பொன்னம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் நான் வருவேன்.