'இயன்திரம்' எழுதியவன்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் இதை வேலையில்லாத ஒரு கிழவனின் எரிச்சல் என்று நினைத்துவிடுவீர்கள்.

துறைமுகத்துக்குப் போகும் வீதியில் வள்ள எஞ்சின் திருத்தும் கராஜ் ஒன்றைக் கட்டினேன். நாலு தடியும் மேலே விரிக்க ஒரு படங்கும் வைத்துத் தொடங்கியது, இன்று கொங்கிறீட் கூரையோடு நிற்கிறது. கடல் ஊருக்குள் வந்தபோது அதன் முன்சுவர் போனது. மறுபடி கட்டினேன், முன்னையதைவிட ஓரடி உயரமாக. அன்புவழிபுரத்தில் மாடி வீடு கட்டினேன். எங்கள் கோயில் மணி தொங்கும் இரும்புச் சட்டம் என் வெல்டிங். உப்புத் தண்ணீர் குடித்து இறுகிப்போனது, கடலில் எறியுங்கள் என்று மூன்று பேர் கைவிட்ட எஞ்சின்கள் இன்றும் சல்லியிலிருந்து நிலாவெளிவரை ஓடுகின்றன. அவற்றைப் பிரித்துப் பூட்டியவன் நான். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்த வேலை இவ்வளவும். கடலுக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை, அடுத்த திங்கட்கிழமை நான் கிறீஸ் வாளியோடு வள்ளங்கள் கட்டும் ஜெட்டியில் நின்றேன்.

இவற்றில் எதையும் யாரும் மறுப்பதில்லை. ஆனால் நான் கட்டிய இன்னொன்று உண்டு. அதில் கல்லும் இல்லை, இரும்பும் இல்லை. அது ஒரு தமிழ்ப் பாடம். அதிலிருந்து என்னைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். கழற்றியது வேறு யாருமல்ல, என் சொந்த மகள்.

கராஜுக்குப் பெயர்ப்பலகை தேவைப்பட்டபோது நானே ஒரு தகரத்துக்கு நீலம் பூசி, வெள்ளையில் எழுதினேன். 'சகல வள்ள இயன்திரங்களும் திருத்தித் தரப்படும்.' எழுத்து அழகாகத்தான் வந்தது. தூரத்தில் நின்று பார்த்து நானே என்னை மெச்சினேன். மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள் பள்ளிக்கூடம் விட்டு நேரே கராஜுக்கு வருவாள். அன்றும் வந்தாள். புத்தகப் பையை இறக்காமலே அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, நேம் போட்டில பிழை."

"எதில?"

"இயந்திரத்துக்கு இந்த ன் வராது. பந்துக்குப் போடுற ந் தான் வரும்."

"ஏன் வராது?"

"டீச்சர் சொன்னவ."

"டீச்சருக்கு ஆர் சொன்னது?"

அவள் யோசித்தாள். தெரியவில்லை. "நாளைக்குக் கேட்டுக்கொண்டு வா" என்று அனுப்பினேன். மறுநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"கேட்டனான் அப்பா. வாய்க்காரி, பேசாமப் பாடமாக்கு எண்டு சொன்னவ."

எனக்குக் கோபம் வந்தது. ஆசிரியையின் மேல் அல்ல, அந்தப் பதிலின் மேல். என் தொழிலில் ஏன் என்று கேட்காமல் ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற முடியாது. நின்றுபோன எஞ்சினைப் பாடமாக்கி ஓடவைக்க முடியுமா? "டீச்சர் வேண்டாம். நாங்கள் ரெண்டு பேரும் பிரிச்சுப் பாப்பம்" என்றேன்.

அது ஊரடங்கு அடிக்கடி வந்த காலம். வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன, கராஜில் வேலை குறைவு. தகரக் கதவை இழுத்துச் சாத்தி, அதன் உட்புறத்தில் சோக்கால் மூன்று கோடு கிழித்தேன். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு 'ன': ந், ண், ன். அவள் வாசிப்புப் புத்தகத்திலிருந்து சொல் பொறுக்கினாள். நான் வாயிலிருந்து பொறுக்கினேன். பந்து, சந்தி, வெந்தயம் ஒரு கோட்டில். வண்டி, நண்டு, துண்டு இன்னொன்றில். மூன்று, நின்று, கன்று கடைசியில்.

பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒன்றும் புரியவில்லை. பிறகு நான்தான் சொன்னேன், எழுத்தை விட்டுவிட்டு நாக்கைப் பார்ப்போம் என்று. எஞ்சினில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றுதானே முதலில் கேட்பது.

"சொல்லிப் பார். நாக்கு எங்க முட்டுது?"

"பந்து. பல்லில முட்டுது. வண்டி. மேல மடியுது அப்பா."

"பொறு, எனக்கும் அப்பிடியோ எண்டு பாப்பம்." விரலை வாய்க்குள் விட்டுப் பார்த்தேன். அவளும் என் விரலைப் பிடித்துத் தன் வாயில் வைத்துப் பார்க்கப் போய்த் துப்பினாள். "பெற்றோல் நாத்தம்."

கன்றில்தான் இடறியது. நாங்கள் வாழைக்கண்டு என்றுதானே பேசுகிறோம். அப்படியென்றால் வண்டியின் கோட்டுக்குத்தான் போகவேண்டும் என்று நான் நின்றேன். இரண்டு நாள் அவளோடு வாதாடினேன். மூன்றாம் நாள் அவள் ஓடிவந்தாள். "அப்பா, ஆளைக் கண்டு கதைச்சனான் எண்டு சொல்லுங்கோ. இப்ப வாழைக்கன்று எண்டு சொல்லுங்கோ." சொன்னேன். முதலாவதில் நாக்கு மடிந்தது. இரண்டாவதில் மடியவில்லை. காது ஒன்றுபோலக் கேட்டதை நாக்கு பிரித்து வைத்திருந்தது. நாற்பது வயதுவரை என் வாய்க்குள் இருந்த ஒரு சங்கதி எனக்கே அன்றுதான் தெரிந்தது.

ன் எழுதினால் அடுத்து ற, ண் எழுதினால் அடுத்து ட என்று கதவில் எழுதி முடித்தோம். வென்றுவிட்டோம் என்று இரண்டு பேருக்கும் சோடா உடைத்தேன். அடுத்த நாள் அவள் பஸ்ஸால் இறங்கும்போதே அழுதுகொண்டு வந்தாள்.

"பஸ் போட்டில அன்புவழிபுரம் எண்டு கிடக்கு. ன் க்குப் பிறகு பு. எங்கட ஊரே பிழையோ அப்பா?"

ஊர் பிழையாக இருக்காது, எங்கள் கணக்கில்தான் எங்கோ கோளாறு. ஒரு மணித்தியாலம் கதவைப் பார்த்தபடி இருந்தேன். கையில் ஒரு போல்ட் இருந்தது. அப்போதுதான் பொறி தட்டியது.

"மகள், நாங்கள் மறுவளமாப் பிடிச்சிருக்கிறம். நட்டைப் பாத்துத்தான் போல்ட்டை எடுக்கிறது. போல்ட்டை வைச்சுக்கொண்டு நட்டைத் தேடினாப் பொழுதுதான் போகும். பின்னால வாற எழுத்தைப் பார்."

அழித்துவிட்டுத் திருப்பி எழுதினோம். த வந்தால் முன்னால் ந். ட வந்தால் ண். ற வந்தால் ன். பு வந்தால் இந்தச் சட்டம் அதைப் பிடிக்காது, அன்புவழிபுரம் தப்பியது. இதெல்லாம் இலக்கணத்தில் எப்போதோ எழுதி வைத்தாயிற்று என்று பிறகு ஒருவர் சொன்னார். இருக்கட்டும். எங்கள் கதவுக்கு அது புத்தகத்திலிருந்து வரவில்லை.

பலகையை நான் திருத்தவில்லை. சோக்கு அழிந்துவிடும், அந்த வேலைக்கு மிஞ்சும் அடையாளம் அந்தப் பிழை ஒன்றுதான். பார்த்துச் சிரித்தவர்களையெல்லாம் உள்ளே கூப்பிட்டு, நாக்கை எங்கே வைப்பது என்று காட்டித்தான் எஞ்சினைக் கொடுத்தேன்.

அந்த மகள் இன்று தமிழ் ஆசிரியை. கேள்வி கேட்டு, தேடி, செய்து படிப்பிப்பது எப்படி என்று மற்ற ஆசிரியர்களுக்கே காட்டிக்கொடுக்கிறாள். அதற்காக ஒரு கைநூலும் எழுதியிருக்கிறாள். நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

போன மாதம் ஒரு காலை தொலைபேசியில் கூப்பிட்டாள். "அப்பா, பள்ளிக்கூடத்தில கரண்ட் இல்லை. ஜெனரேட்டரும் ஸ்டார்ட் ஆகுதில்லை. ஒருக்கா வாறீங்களா?" போனேன். பிளக்கில் கரி. துடைத்துப் போட்டேன், ஓடியது. கை கழுவிவிட்டு மண்டபத்தின் பின்வரிசைக் கதிரையில் போய் அமர்ந்தேன். தம்பலகாமம், தோப்பூர் என்று பல இடத்திலிருந்து ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். முன்னால் நாலாம் வகுப்புப் பிள்ளைகள். என் மகள் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கரும்பலகையில் மூன்று கோடு. பந்து, வண்டி, கன்று. "பிள்ளையள், நாக்கு எங்க முட்டுது?" பிள்ளைகள் வாய்க்குள் விரலை விட்டுச் சிரித்தார்கள். ஒன்று பல் என்றது, ஒன்று அண்ணம் என்றது. அவள் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை, கேட்டுக்கொண்டே போனாள். அன்புவழிபுரமும் வந்தது. பிள்ளைகள் திகைத்தார்கள். கொஞ்சம் பொறுத்து அவள் சொன்னாள்: "நட்டைப் பாத்துத்தான் போல்ட்டை எடுக்கிறது."

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இப்போது என்னைப் பற்றிச் சொல்லப்போகிறாள் என்று சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

தோப்பூரிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் எழும்பினார். "டீச்சர், இந்த நட்டு போல்ட் கதை நல்லா இருக்கு. இது எங்க எடுத்தது?"

"முறை ஆசிரியர் பயிற்சியில படிச்சது, சேர். அந்த உதாரணம் என்ர வகுப்புப் பிள்ளையள் தாங்களாக் கண்டுபிடிச்சது."

எந்த எட்டு வயதுப் பிள்ளை போல்ட்டுக்கு நட்டுத் தேடியிருக்கிறது?

பிறகு திரையில் ஒரு படம் விழுந்தது. நான் ஓடவிட்ட கரண்டில்தான் விழுந்தது. நீலத் தகரம், வெள்ளை எழுத்து. கீழே கைநூலில் உள்ளபடியே ஒரு வரி: 'எழுத்தறிவு குறைந்த ஒருவர் எழுதிய விளம்பரம். பிழையைக் கண்டுபிடித்துக் காரணத்தை ஆராய்க.' மண்டபம் சிரித்தது. கேள்வி கேட்ட தோப்பூர்க்காரர் எனக்குப் பக்கத்துக் கதிரை. என் பக்கம் குனிந்தார்.

"ஐயா, இது துறைமுக ரோட்டு போட்தானே. ஆளைத் தெரியுமா?"

"தெரியும். எஞ்சின் நல்லாச் செய்வார்."

"அப்ப எஞ்சினோட நிண்டிருக்கலாம், மனுசன்."

நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் சுடுகிறது. அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன். நிமிர்ந்தபோது மகள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த படத்துக்கு அவசரமாக மாறினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தாள். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றபடியே தொடங்கினாள்.

"அது நீங்கள்தான் எண்டு சொன்னாச் சனம் உங்களைப் பாத்துச் சிரிக்கும் அப்பா. அதுக்குத்தான் சொல்லேல்லை."

"சிரிச்சதுதானே."

"உங்களை எண்டு தெரியாமல்தானே சிரிச்சவை."

"எனக்குத் தெரியும்தானே, பிள்ளை."

"இந்த முறையில பிள்ளையள் தாங்களாத்தான் கண்டுபிடிக்கவேணும். முந்தியே ஒராள் கண்டுபிடிச்சிட்டார் எண்டு நான் எப்பிடி எழுதுறது?"

"அப்ப என்னையும் பிள்ளை எண்டு எழுது. நாப்பது வயசில ரெண்டாம் வகுப்பு."

சிரிக்கப் போனவள் அடக்கிக்கொண்டாள். "படத்தை எடுத்துவிடுறன் அப்பா. போட்டையும் ஆளை விட்டுத் திருத்தித் தாறன். ஒருத்தருக்கும் தெரியாமப் போயிடும்."

கத்தியை வைத்துவிட்டேன். அவள் என்னை மறைத்ததைக்கூட ஒருவேளை பொறுத்திருப்பேன். மறைத்ததற்கு மேல் பூச்சுப் பூசுகிறேன் என்றதைப் பொறுக்க ஏலவில்லை. "போட்டில கை வைச்சாப் பார்" என்றேன். அவள் சாப்பிடாமல் போய்விட்டாள். நான் வெட்டிய மீன் அப்படியே கிடந்தது.

அந்தக் கைநூல் இன்னும் பரீட்சார்த்தப் பிரதிதான். திருத்தி அச்சுக்குக் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். என் எழுத்துப் பிழைகளை அவளைத் தவிர வேறொருவரைக் கொண்டு திருத்தியிருக்கிறேன்.

மகளே, படத்தை எடுக்காதே. பலகையையும் தொடாதே. 'எழுத்தறிவு குறைந்த ஒருவர்' என்ற வரியை மட்டும் வெட்டு. அந்த இடத்தில் இப்படிப் போடு: 'இந்தப் பலகையை எழுதியவர் என் அப்பா. இது ஏன் பிழை என்று முதலில் கேட்டவர் அவர். நட்டும் போல்ட்டும் அவருடையவை. வாழைக்கன்று என்னுடையது.' உன் பங்கை நான் எடுக்கவில்லை, பார். என் பங்கை எழுது. என் முழுப் பெயரோடு எழுது. பெயரில் ந் வரும் இடத்தில் ந் போடு.