செல்லோக்காரன் ஒண்டியா வாசிச்சப்போ

மைக்கைக் கையில குடுத்தா எனக்கு வாய் நிக்காது. தலை நரைச்சும் நிக்கல. ரெண்டாவது உலகச் சண்டை முடிஞ்ச சமயம், பம்பாய் மாதுங்கால எங்க தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழாவுல அந்த வாயாலதான் ஒருத்தனைக் கவுத்தேன்.

அவன் என் ஆபீஸ்ல பக்கத்து சீட்டு கிளார்க். கோவாக்காரன், தாதர்ல ஜாகை. செல்லோ வாசிப்பான், வயலினுக்குப் பெரியண்ணா மாதிரி இருக்கும், முழங்காலுக்கு நடுவுல நிறுத்திண்டு வாசிக்கணும். எங்க சங்கத்து பிரசிடெண்ட் சினிமாவுக்கு மியூசிக் போடறவர். அவர் ஒரு தடவை கேட்டு, பிடிச்சுப்போனா ஸ்டூடியோவுல வேலை. அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். விழாவுல அவனை வாசிக்க ஏற்பாடு பண்ணினது நான்.

எடுத்தது ரொம்பப் பழைய கான்செர்ட்டோ, ஒருத்தர் பிரதானமா வாசிக்க மத்தவா பக்கவாத்தியமா வாசிக்கற உருப்படி. ஐரோப்பாவுல ஏதோ ராஜா சபையில வாசிச்சதாம். "முடியற நேரத்துல கூட வாசிக்கறவங்க எல்லாரும் நிறுத்திடுவாங்க, நான் மட்டும்தான்"னு இங்கிலீஷ்ல சொன்னான். "அந்த இடத்துல நோட்டுல ஒண்ணும் எழுதியிருக்காது, மேன். நானே ஜோடிக்கணும். மூணு மாசமா அதுதான் பண்றேன்."

மைக்ல நான் விளக்கினேன்: "ஒரு இடத்துல இவர் ஒண்டியா வாசிப்பார். நம்ம கச்சேரியில மிருதங்கக்காரர் தனி வாசிக்கற மாதிரின்னு வெச்சுக்கோங்கோ. காபிக்குப் போறவா அப்போ போலாம். கேன்டீன்ல இன்னிக்குச் சக்கரைக்கு ரேஷன் கிடையாது!"

ஹாலே சிரிச்சது. தமிழ் தெரியாத அவனும் சிரிச்சு எனக்கு ஒரு கும்பிடு போட்டான்.

நன்னாத்தான் போச்சு. அந்த இடம் வந்தது. கூட வாசிச்ச ஆறு பேரும் வில்லை இறக்கினா. அவன் கண்ணை மூடிண்டு ஆரம்பிச்சான். நாற்காலி நகர்ற சத்தம். முதல்ல எழுந்தது பிரசிடெண்ட். ஓடிப்போய், சும்மா ஜோக்கு சார்னு உட்கார வெச்சிருக்கலாம். பண்ணல. என் பேச்சுக்கு இத்தனை பேர் எழுந்ததுல எனக்கு ஒரு பெருமை. அவன் கண்ணைத் திறந்தப்போ ஹால்ல மிச்சம் நானும், கடைசி வரிசையில தூங்கிண்டிருந்த ஒருத்தரும்.

முடிஞ்சதும் கேன்டீன்ல பிரசிடெண்டைப் பிடிச்சேன்.

"எப்படி சார்?"

"சுருதி சுத்தம். கையில சரக்கு இருக்கான்னுதான் தெரியல ஓய்."

"அவன் ஒண்டியா வாசிச்சானே..."

"அப்போதானே நீர் காபிக்குப் போகச் சொன்னீர்?"

வாசல்ல அவன் செல்லோவை அணைச்சுண்டு நின்னான்.

"என்ன சொன்னார், மேன்? ஏன் எல்லாரும் எழுந்து போனாங்க?"

"ரொம்பப் பிடிச்சா எங்க ஜனங்களால உட்கார முடியாது"ன்னேன். "ஸ்டூடியோவுலேர்ந்து கூப்பிடுவார்."

திங்கக்கிழமை ராஜினாமா லெட்டர் எழுதிண்டு வந்தான். அவனுக்கு டைப் வராது. நான்தான் அடிச்சுக் குடுத்தேன், ரெண்டு கார்பன் காப்பியோட. படிச்சுப் பார்த்துட்டு, "ஃபர்ஸ்ட் கிளாஸ், மேன்"னு என் தோளைத் தட்டிட்டு ஹெட்கிளார்க் ரூமுக்குள்ள போனான்.