நர்சம்மாவின் போனும் ஹெடர் பெயர்களும்

நெல்லிவாசல்நாட்டுக்கு ஏறும் ரோட்டில் ஒரு வளைவு உண்டு. அங்கேதான் என் வீடு. அதற்கு மேலே இருக்கும் குக்கிராமங்களில் டவர் கிடைக்காது. வீட்டில் உட்கார்ந்து புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவள் என்பதால் நான் வைஃபை போட்டிருக்கிறேன். மேலே இருக்கிறவர்கள் தங்கள் போனை ஷேர் ஜீப்பில் கொடுத்தனுப்புவார்கள். டிரைவர் காலையில் இறங்கும்போது என் ஜன்னலில் வைத்துவிட்டுப் போவார், சாயங்காலம் ஏறும்போது எடுத்துக்கொள்வார். இடைப்பட்ட நேரத்தில் போன் அனுப்ப வேண்டியதை அனுப்பும், வாங்க வேண்டியதை வாங்கும். வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் ஊரில் டவர் இருக்கிறது.

மேலே ஒரு சின்ன சுகாதார நிலையம் இருக்கிறது. அங்கே இருக்கும் நர்ஸ் கண்ணமங்கலத்துப் பெண், கான்ட்ராக்ட் வேலை. தடுப்பூசி மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜின் குளிர் எவ்வளவு என்று காலையும் மாலையும் பார்த்து ஒரு ஆப்பில் போட வேண்டும். அதை அனுப்பத்தான் அவளுடைய போனும் என் ஜன்னலுக்கு வரும்.

ஒரு சாயங்காலம், கீழே ஆபீசுக்குப் போய்த் திரும்புகிற வழியில், போனை வாங்க ஜீப்போடு அவளே வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"இன்னாம்மா, நீயே வந்துட்ட?"

"மெமோ குடுத்துட்டாங்கக்கா. நான் ஃப்ரிட்ஜையே பாக்கலியாம். ஆபீஸ்ல எங்க சென்டருக்கு எதிர்ல எல்லாம் காலியா கீதாம். கான்ட்ராக்ட ஏன் நிறுத்தக்கூடாதுன்னு கேட்டுக்கீறாங்க."

டிரைவர் வண்டியை விட்டு இறங்கி வந்தார். "பழி என் தலையிலதான் வுழும் யக்கா. ஜீப்புக்காரன் தொலச்சிட்டான்னுவாங்க. நான் நர்சம்மா போன மடியில வெச்சிக்கினுதான் ஓட்டறேன்."

"மடியில போன், கையில பீடி. ஸ்டீரிங்க எதால புடிப்பீங்கண்ணா?" என்று நர்ஸ் கேட்டாள். அழுத முகத்தோடுதான் கேட்டாள்.

"பாத்தியா யக்கா, இந்த நெலமையிலயும் வாய் கொறையல."

அப்போதே அவளுடைய போனிலிருந்து, மெமோ கொடுத்த அதிகாரிக்குப் பேசினேன். போன் வந்து தங்கும் வீட்டுக்காரி என்று சொன்னதும் அவர் குரல் ஏறியது.

"அதாங்க பிரச்சனையே. கவர்மென்ட் வேலைய ஜீப்புல குடுத்து அனுப்பறது. மத்த சென்டர்லாம் ஒழுங்கா வருதுல்ல? இது மட்டும் வரலைன்னா யார் தப்பு?"

"டவர் போட்டுக் குடுங்க சார். ஜீப்பே வேணாம்."

வைத்துவிட்டார். போனைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் 'அனுப்பப்பட்டது' என்று பச்சையாக இருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. டிரைவரும் தொலைக்கவில்லை. பிறகு எங்கே போயின?

ஆப்பின் கடைசியில் ஒரு பக்கம் இருக்கும். அந்த ஆப் யார் யாருடைய லைப்ரரிகளை, அதாவது மற்றவர்கள் எழுதிவைத்த புரோகிராம்களை, வைத்துச் செய்தது என்று சொல்லும் பக்கம். ஒருத்தரும் படிக்க மாட்டார்கள். நான் படித்தேன். அதில் என்னுடைய லைப்ரரியும் இருந்தது. நானும், நான் நேரில் பார்த்தே இராத ஒரு வெளிநாட்டுக்காரரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய லைப்ரரி. அதன் புதிய பதிப்பு அந்தப் போனில் இருந்தது.

போன் ஒரு தகவலை சர்வருக்கு, அதாவது எதிர்முனைக் கம்ப்யூட்டருக்கு, அனுப்பும்போது அதன் தலையில் சில வரிகளை ஒட்டி அனுப்பும். ஹெடர் என்போம். எந்த சென்டரிலிருந்து வருகிறது என்பதும் அப்படி ஒரு வரிதான். ஒவ்வொரு வரிக்கும் ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாலும் சின்ன எழுத்தில் எழுதினாலும் ஒன்றுதான் என்பது உலகத்துக்கே பொதுவான விதி. அந்த விதியை நம்பி, புதிய பதிப்பில் எல்லாப் பெயர்களையும் சின்ன எழுத்தாக்கி அனுப்பினோம். விதிப்படி அதில் தப்பே இல்லை. விதியைப் படிக்காமல் சர்வர் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் தொல்லை.

இவள் சென்டருக்கு மட்டும் ஏன் இப்படி? அதுவும் பிடிபட்டது. ஆப்பின் புதிய பதிப்பு வைஃபை இருந்தால்தான் தானாக இறங்கும். கீழே இருக்கிற நர்சுகள் டவரை வைத்து ஓட்டுகிறார்கள், அவர்கள் போன் வைஃபையைப் பார்ப்பதே இல்லை. இவள் போன் பகல் முழுக்க என் வைஃபையில் கிடக்கிறது. அதனால் புதுசு முதலில் இவளுக்கு வந்தது, மெமோவும் வந்தது.

மறுநாள் ஆப் செய்த கம்பெனியைப் பிடித்தேன். பேசிய என்ஜினியர் சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினான்.

"நாங்க பெரிய எழுத்துலதான் தேடறோம் மேடம். அது இல்லன்னா சென்டரே இல்லாத தகவல்னு தனியா ஒரு எடத்துல போய் வுழுந்துடும்."

"அந்த எடத்த என்னிக்காவது தொறந்து பாத்திருக்கியா?"

"அத யாரும் பாக்கறதில்ல மேடம்."

"இப்ப பாரு."

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"இருக்கு மேடம். காலையில, சாயந்தரம், எல்லாம் இருக்கு. ஒண்ணு கூட விடல."

"அத அந்த அதிகாரிக்கு எழுதிப் போடு."

"மேனேஜர்கிட்ட கேட்டுட்டு..."

"ஒரு பொண்ணோட சோறு போவுதுப்பா. மேனேஜர இட்டுனு வா."

மேனேஜர் வந்தார். கடிதம் போடுகிறோம் என்றார். சர்வரைத் திருத்த மட்டும் மேலிடத்து அனுமதி வேண்டுமாம், நாளாகுமாம். அதற்குள் மற்ற நர்சுகளின் போனிலும் புதுசு இறங்கினால் அவர்களுக்கும் மெமோதான். அதனால் எங்கள் லைப்ரரியை மாற்றலாம் என்று என் வெளிநாட்டுக் கூட்டாளிக்கு எழுதினேன். அவர் மறுத்தார். விதி நம் பக்கம், தப்பாக எழுதியவன் திருத்தட்டும், நாம் ஏன் வளைய வேண்டும் என்று கேட்டார்.

வேறு நாளாக இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். தப்பாக சர்வர் எழுதியவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, மாட்டிக்கொண்டது மலையில் இருக்கும் ஒரு நர்ஸ் என்று நடந்ததையெல்லாம் எழுதினேன். கொஞ்சம் காரமாகவே எழுதினேன். நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை. ஹெடர் பெயரை ஆப் எழுதினவர் எப்படி எழுதினாரோ அப்படியே அனுப்புவோம், உள்ளே தேடும்போது மட்டும் பெரியதையும் சின்னதையும் ஒன்றாகப் பார்ப்போம் என்று அவரே வழி சொன்னார். அன்றே வெளியிட்டோம். கம்பெனிப் பையனும் அதை ஆப்பில் சேர்த்துவிட்டான்.

அதிகாரியின் போன் வந்தபோது நர்ஸ் என் வீட்டில்தான் இருந்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"கம்பெனியிலேருந்து சொல்லிட்டாங்கம்மா. டேட்டாலாம் இருக்குதாம். மெமோவ ஒண்ணும் கண்டுக்காத. போய் வேலையப் பாரு."

ஒரு வார்த்தை வருத்தம் கூட இல்லை. நான் போனைப் பிடுங்கக் கை நீட்டினேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டாள்.

"சார், ரத்துன்னு எழுதிக் குடுங்க சார். கான்ட்ராக்ட் புதுப்பிக்கறப்ப இந்த மெமோ ஃபைல்ல கெடக்கும். அப்ப நீங்க அந்த சீட்டுல இருக்கமாட்டீங்க."

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாம்மா."

"நான் லைன்லயே கீறேன் சார். நீங்க அனுப்புங்க."

வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. "நர்சம்மா, ஜனம் உக்காந்துக்கீது!" என்று டிரைவர் கத்தினார்.

"செத்த இருங்கண்ணா!" என்று இவளும் கத்தினாள். அதிகாரி காதிலும் அது விழுந்திருக்கும். அவள் போனை வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கையெழுத்து போட்ட தாள் வாட்ஸ்அப்பில் வந்தது. வரி வரியாகப் படித்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, எல்லாம் சரியா கீதா?"

மெமோ ரத்து என்று இருந்தது. அவள் மேல் தவறு இல்லை என்றும் இருந்தது.

"கீது. போய் ஏறு," என்றேன்.