நாக்கு அறிந்த தண்ணீர்

இராயபுரத்தில் சுகிர்தம் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் கிணறு இருந்தது. வாசலுக்கு எதிரே தெருக்குழாயும் இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டு அவள் ஒன்பது வருஷம் தண்டையார்ப்பேட்டைக்கு நடந்தாள். தினமும் ஒரு குடம். அந்தத் தண்ணீர் காப்பிக்கு மட்டும்தான்.

அவள் கணவன் வெள்ளத்துரை துறைமுகத்தில் இறங்கும் மூட்டைகளை எண்ணும் குமாஸ்தா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். வீட்டுக் கிணறு உப்பு, குழாயில் மருந்து வாடை என்று கல்யாணமான மூன்றாம் நாளே தம்ளரைக் கீழே வைத்துவிட்டான். தண்டையார்ப்பேட்டையில் ஒரு தென்னந்தோப்புக் கிணற்றை அவனே கண்டுபிடித்தான். சோப்பு நுரைக்கிறதா, பருப்பு சீக்கிரம் வேகிறதா என்றெல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுத்தான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அவன் போனதில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும்.

“தண்ணிதான்வே காப்பி. பொடி, பாலு எல்லாம் பொறவு. கண்ணைக் கட்டிட்டுக் குடுங்க, எந்தக் கெணறுன்னு சொல்லுதேன்.”

யாரும் கட்டிப் பார்த்ததில்லை. ஆனால் சுகிர்தத்துக்கு அந்தப் பேச்சில் கொஞ்சம் பெருமை இருந்தது. ஊரில் யாருக்கும் தெரியாத ஒன்று தன் புருஷனுக்குத் தெரிகிறது. அதற்காகத்தான் நடக்கிறோம் என்று நினைத்துக்கொள்வாள்.

வழியில் ரயில் பாதை. துறைமுகத்துச் சரக்கு வண்டி குறுக்கே நின்றுவிட்டால் எப்போது நகரும் என்று சொல்ல முடியாது. பெண்கள் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குடத்தை முதலில் நீட்டி வைத்துவிட்டுப் பின்னாலேயே குனிந்து நுழைவார்கள். நாற்பத்தேழாம் வருஷம், ஆறு மாதக் கர்ப்பத்தோடு அப்படி அவள் குனிந்தபோது வண்டி அசைந்தது. பதறி விழுந்தாள். குழந்தை தங்கவில்லை. அதன் பிறகு உண்டாகவும் இல்லை. அவள் படுத்துக் கிடந்த மூன்று வாரமும் வெள்ளத்துரை காப்பியைத் தொடவில்லை. அதை வருகிறவர்களிடம் சொல்வான், தான் இருந்த விரதம்போல.

பக்கத்து வீட்டுக் காத்தூன் பீவிக்குப் பொறுக்காது.

“இன்னாத்துக்குமா இப்டி நட்ந்து சாவுறே? கொயாத் தண்ணி குச்சா உன் வூட்டுக்காரு செத்தா பூடுவாரு?”

“தெரிஞ்சிரும்க்கா. அவங்க நாக்கு அப்படி.”

“நாக்கா அது? தர்மாமீட்டரு!”

ஐம்பத்து மூன்றில் அந்தத் தோப்பை யாரோ தோல் கிடங்கு கட்ட வாங்கினார்கள். ஒரு நாள் மதியம் சுகிர்தம் போனபோது கேட்டில் பூட்டு தொங்கியது. “கெணத்த மூடிகினு கீறாங்கமா, திரும்பிப் போ” என்றான் காவல்காரன். வெறுங்குடத்தோடு வந்தால், வீட்டில் வெள்ளத்துரையோடு சர்ச் கமிட்டிக்காரர் தேவப்பிரியம் காப்பிக்குக் காத்திருந்தார். வேறு வழியில்லாமல் தெருக்குழாயில் பிடித்தாள். டபராவை இருவர் முன்னாலும் வைத்தாள்.

வெள்ளத்துரை ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினான்.

“பாத்தீரா அண்ணாச்சி? இதுதான் தோப்புத் தண்ணி. தொண்டையிலே நிக்கி பாரும்.”

“ஆமா, இது வேறதான்” என்றார் தேவப்பிரியம்.

தப்பித்தோம் என்றுதான் சுகிர்தம் முதலில் நினைத்தாள். பாத்திரம் துலக்கும்போதுதான், அவனுக்குத் தெரியவில்லையே என்று உறைத்தது. வேலை அசதி, விருந்தாளி வேறு, ஒரு நாள் தவறலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். மறுநாளும் குழாய்த் தண்ணீர்தான். அதற்கடுத்த நாளும். அவன் குடித்தான், ஏப்பம் விட்டான், பேப்பரைப் பிரித்தான்.

அவன் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று இப்போது ஜெபம் பண்ணினாள். திட்டட்டும். தம்ளரை எறியட்டும். எறிந்தால், நடந்ததெல்லாம் ஏதோ ஒன்றுக்காக நடந்ததாகும்.

பத்தாம் நாள் வீட்டுக் கிணற்றில் இறைத்தாள். துணி அலசவே யோசிக்கிற தண்ணீர். டிகாக்‌ஷனை ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள், கரித்தது. காப்பியைக் கலந்து கொடுத்துவிட்டு, உள்ளே போகாமல் எதிரே நின்றாள்.

குடித்தான். புருவம் சுருங்கியது. இன்னொரு வாய். தம்ளரைக் கீழே வைத்தான்.

“ஏட்டி.”

“என்னங்க?”

“சீனி காணாது.”

இன்னும் ஒரு கரண்டி கொண்டுவந்து போட்டாள். “தண்ணி எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“தண்ணிக்கென்ன? தோப்புத் தண்ணில்லா.”

“தோப்பை மூடிப் பத்து நாளாச்சு. இது நம்ம கெணத்துத் தண்ணி.”

வெள்ளத்துரை தம்ளரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“முத நாளே எனக்குத் தெரியும். உன் மனசு நோகக்கூடாதுன்னு சும்மா இருந்தேன்.”

“முத நாள் எந்தத் தண்ணி?”

“இதே உப்புத் தண்ணிதான். குறுக்கு விசாரணையா பண்ணுத? வேற நல்ல கெணறு பாரு.”

மிச்சத்தையும் குடித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

மறுநாள், கல்மண்டபம் பக்கம் கோதண்டம் என்பவர் வீட்டில் நல்ல கிணறு இருப்பதாகச் சொன்னாள். அப்படி ஒருவரும் இல்லை. மூன்று மணிக்குக் குடத்தோடு கிளம்பி, காத்தூன் பீவி வீட்டில் ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்துவிட்டு, குழாயில் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளத்துரை தேவப்பிரியத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான். கோதண்டம் தண்ணி தோப்புத் தண்ணியைவிட ஒரு படி மேல், கேட்டால் தருவார்கள்.

இரண்டு நாள் கழித்து தேவப்பிரியத்தின் மனைவி தேவகிருபை வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் காலிக் குடம். கணுக்கால்வரை புழுதி.

“கல்மண்டபம் பூராச் சுத்திட்டேன். கோதண்டம்னு யாருமே இல்லேங்காவ. வெறுங்குடத்தோட போனா எங்க வீட்ல ஏசுவாக. வீடு எங்கேன்னு காட்டேன்.”

சுகிர்தம் அவள் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கினாள். தெருவைக் கடந்து போய்க் குழாயடியில் வைத்தாள்.

“ஐயோ, மருந்து வாடை அடிக்குமாமே!” என்று தேவகிருபை ஓடிவந்தாள்.

சுகிர்தம் குழாயைத் திறந்துவிட்டாள்.