தண்ணீர் எங்கே போய் நிற்கும்?

கடைத்தெருவில் அவளைப் பிரிப்பக்கா என்றுதான் சொல்வார்கள். குடும்பத்தைப் பிரிப்பவள் என்று யாரும் தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அவள் பிரித்ததெல்லாம் தையல். செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஆல்டரேஷன் கடை வைத்திருந்தாள். ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும், அவ்வளவுதான் இடம். இளைத்துப்போனவர்கள், பெருத்துப்போனவர்கள், அண்ணன் கோட்டைத் தன் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளப் பார்ப்பவர்கள் எல்லாரும் அவளிடம் வந்துதான் ஆகவேண்டும்.

துணியைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில் அவளுக்குத் தனி ருசி. வெளியே பளபளவென்று இருக்கும் கோட்டின் தோள்பட்டைக்குள் பழைய போர்வைத் துண்டைத் திணித்திருப்பார்கள். "பாருங்க, உங்க தோள்ல யாரோ தூங்கின போர்வை இருக்கு" என்று கோட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவாள். சிலர் சிரிப்பார்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். சின்ன வயதில் வீட்டுக் குடையைக் கம்பி கம்பியாகக் கழற்றி, மழை வருவதற்குள் திருப்பி மாட்ட முடியாமல் அடி வாங்கியவள் அவள். அந்தப் புத்தி போகவே இல்லை.

அவள் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். வேலை பார்த்த காலமெல்லாம் மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுத்தவர். சீட்டில் இருப்பதற்கு ஒரு சொட்டு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும் கை சும்மா இருக்கவில்லை. சமையலறையில் புகுந்து டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினார்.

"உப்பு டப்பா மேல 'உப்பு'ன்னு ஒட்டியிருக்காருடி. நாக்குல வச்சா எனக்குத் தெரியாதா?" என்று அவள் வெளியூரில் இருந்த மகளிடம் போனில் புலம்பினாள். அந்தப் புலம்பலுக்குப் பதிலாகத்தான் மகளிடமிருந்து, நாமே ஒட்டிச் செய்யும் பொம்மைக் கப்பல் பெட்டி வந்தது.

பெட்டி மூடியில் இரண்டு பாய்மரம் கொண்ட கப்பல் ஒன்று அலையைக் கிழித்துக்கொண்டு போனது. உள்ளே கப்பல் இல்லை, மரச்சீவல்கள்தான் இருந்தன. ரப்பர் பேண்டு போட்ட மெல்லிய பலகைக் கட்டுகள், தட்டி எடுக்க வேண்டிய பிளைவுட் துண்டுகள், நூல் உருண்டைகள், ஒரு பையில் பொடிப்பொடியாக என்னென்னவோ. கூடவே ஒரு வழிமுறைப் புத்தகம். நாலைந்து மொழி தாண்டி வந்தது போலிருந்தது அதன் பேச்சு. 'முதுகெலும்பை மரியாதையாகப் படுக்கவைக்கவும்' என்று ஆரம்பித்தது. அவர் கப்பலின் அந்த அடிக்கட்டையை மரியாதையாகவே படுக்கவைத்தார். சாப்பாட்டு மேசை கப்பலுக்குப் போயிற்று. அவள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

முதுகெலும்பில் விலாச் சட்டங்களைக் குறுக்கே செருகி, ஒரு பக்கம் முழுக்கப் பலகை ஒட்டி முடித்துவிட்டார். மறுநாள் காலையில் துணி காயப்போட்டுவிட்டு வந்தவள், கப்பலின் மூக்குக்கு நேரே குனிந்து பார்த்தாள். ஹேங்கரில் மாட்டிய சட்டையைப் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"ஏங்க, இது ஏன் கழுத்து சுளுக்கின மாதிரி நிக்குது?"

"கப்பல்னா அப்படித்தான். காத்துக்குத் திரும்பும்."

"மேசை மேலயே திரும்பிடுச்சே."

அவர் ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தார். எடுத்துத் திருப்பி வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய பலகைகள் காயக் காய இழுத்து, முதுகெலும்பையே முறுக்கிவிட்டிருந்தன. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும் என்று புத்தகத்தில் எங்கும் இல்லை. அவர் கப்பல் மேல் துண்டைப் போட்டு மூடினார். வாரம் ஒன்று போயிற்று. வீட்டில் யாரோ காய்ச்சலில் படுத்திருப்பது போல, இருவரும் அந்த மேசையைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

கடைசியில் அவள்தான் துண்டை எடுத்தாள். "பிரிச்சிரலாமே."

"ஒட்டினத எப்படிப் பிரிப்ப? இது என்ன பாவாடை நாடாவா?"

வெள்ளைப் பசை வெந்நீருக்கு இளகும் என்பது அவளுக்குத் தெரியும். கேன்வாஸ் ஒட்டிய காலர்களை அப்படித்தான் கழற்றுவாள். தூரிகையை வெந்நீரில் தொட்டு இணைப்பு ஓரமாகத் தடவினாள். காத்திருந்தாள். பிறகு தையல் பிரிக்கும் கொக்கிக் கத்தியை நுழைத்து மெதுவாக நெம்பினாள். முதல் பலகை சத்தமில்லாமல் கையோடு வந்தது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு பலகைகள் உடைந்தன, மற்றவை பிழைத்தன. முறுக்கிய முதுகெலும்பை ஈரத்தோடு அவளுடைய இரும்பு ஸ்கேலில் வைத்துக் கட்டி, நேராகக் காயவிட்டார்கள்.

இப்படித்தான் கப்பலின் உள்பக்கம் அவள் கண்ணுக்கு முன்னால் திறந்துகொண்டது. விலாவுக்கும் விலாவுக்கும் நடுவே வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். அதற்கு மேல் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. ஆட்கள் எங்கே படுப்பார்கள், சமைத்த புகை எப்படி வெளியே போகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பொடிப் பையைக் கொட்டிக் கிளறினாள். அதில் ஒரு குட்டி உருளை, அதன் தலையில் ஒரு நெம்புகோல். புத்தகத்தில் அதற்குப் பெயர் 'உறிஞ்சுபவர்'.

"உறிஞ்சுபவர்னா யாருங்க? சமையக்காரரா?"

"யாரா இருந்தா நமக்கென்ன? முன்பக்கம், முதல் பாய்மரத்துக்கு முன்னால ஒட்டச் சொல்லியிருக்கு. ஒட்டணும்."

அவள் அதைக் கைக்குட்டையில் முடிந்து கடைக்கு எடுத்துப் போனாள். செருப்புக் கடைக்காரர் பார்த்துவிட்டு காப்பிக்கொட்டை அரைக்கிற இயந்திரம் என்றார். ஜெராக்ஸ் கடைப் பெண் மைக் என்றாள். நாலாம் நாள், இடுப்பு பிடிக்காத பேன்ட்டோடு ஒருவர் வந்தார். பெரிய கப்பல்களைத் துறைக்குள் இழுத்துவரும் இழுவைப் படகில் அவர் எஞ்சின்காரர். தையல் மெஷின் மேல் கிடந்த உருளையைப் பார்த்ததும் எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.

"அட, பம்பு! கப்பலுக்குள்ள வர்ற தண்ணிய இறைச்சு வெளிய ஊத்தறது இது."

"உள்ள எதுக்குத் தம்பி தண்ணி வருது? ஓட்டைக் கப்பலா?"

"ஊறாத மரக்கப்பல் ஏதுக்கா? பலகை இடுக்குல கொஞ்சம் ஊறும். மேலேருந்து மழை, அலை. எல்லாம் அடியில போய்ச் சேரும். எது பள்ளமோ அங்க பம்ப வச்சு இறைப்பாங்க."

"உள்ளதான் அறை அறையா இருக்கே. இந்த அறைத் தண்ணி அந்த அறைக்கு எப்படிப் போகும்?"

எஞ்சின்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இந்தக் கேள்வியை ஆல்டரேஷன் கடையில் அவர் எதிர்பார்க்கவில்லை. "ஒவ்வொரு விலாச் சட்டத்துக்கும் அடியில சின்னதா ஓட்டை விட்டிருப்பாங்க. எங்க படகுலயும் இருக்கு. அதுல குப்பை அடைச்சா எனக்குத்தான் தலைவேதனை. ஒரு நாள் வந்து பாருங்களேன்."

அவள் யோசனையில் மூழ்கிப்போய், பேன்ட்டை மடித்துப் பையில் போட்டுவிட்டாள். "அக்கா, இடுப்பு அளவு எடுக்கலையே" என்று அவரே நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் கப்பலுக்குள் எட்டிப் பார்த்தாள். எந்த விலாவிலும் ஓட்டை இல்லை.

"போடணும்ங்க. ஒவ்வொண்ணுக்கும் அடியில, ரெண்டு பக்கமும்."

"மேல தளம் போட்டு மூடினதும் யார் கண்ணுக்குத் தெரியப்போகுது?"

"யாருக்கும் தெரிய வேண்டாம். தண்ணி போகணுமில்ல?"

"புத்தகத்துல இல்ல."

"ஒரு பக்கமா ஒட்டக் கூடாதுன்னும்தான் புத்தகத்துல இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதியிருக்கிறதை நம்ம இஷ்டத்துக்கு மாத்த ஆரம்பிச்சா அது எங்க போய் நிக்கும்? நான் ஒரு நாளும் மாத்தினதில்ல. டாக்டர் கையெழுத்து புரியலேன்னா நடந்தே போய்க் கேட்டுட்டு வந்திருக்கேன்." அந்தக் குரலில் பிடிவாதத்தைவிடப் பயம்தான் அதிகம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடம் கூட இருந்தும் அவள் அதைக் கவனித்ததில்லை. கேலி செய்ய வந்த வாயை மூடிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இதுல யாருக்கும் ஒண்ணும் ஆகாதுங்க. சரியா வரலேன்னா அடைச்சிடுவோம். நானே அடைச்சுத் தர்றேன்."

அவர் எழுந்து போய், ஊசி போல் மெல்லிய அரம் ஒன்றை எடுத்து வந்தார். "நீ போட்டா கோணலா போடுவ. தள்ளு" என்றார். மாத்திரை எண்ணிப் பழகிய கை அது. எல்லா ஓட்டைகளும் ஒரே அச்சில் வார்த்தது போல வந்தன.

அதன் பிறகு பலகை வேலை இருவருடையதும் ஆயிற்று. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. உருண்டு வரும் மூக்குப் பகுதியில் நேர்ப் பலகை மடிப்பு விழுந்து நின்றது. சட்டைக் கைக்குத் துணி வெட்டுவது போல ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி ஒடுக்கினால் படியும் என்று அவள் கண்டுபிடித்தாள். அவர் சொட்டு மருந்துக் குழாயால் பசை விட்டார். துணிக் கிளிப்புகள் அத்தனையும் கப்பலைக் கவ்விக்கொண்டு நிற்க, துவைத்த துணிகள் கொடியில் கிளிப் இல்லாமல் பறந்தன. உள்பக்கமும் வார்னிஷ் அடிக்கச் சொன்னாள். எதற்கு என்று அவர் கேட்டதற்கு, "அடிங்க, சொல்றேன்" என்றாள்.

வார்னிஷ் காய்ந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு டம்ளர் தண்ணீரில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலக்கி, கரண்டியோடு வந்து நின்றாள்.

"என்ன பண்ணப் போற?"

"கப்பலுக்கு மருந்து குடுக்கப் போறேன்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரண்டியைப் பிடுங்கினார். பிடுங்கியவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு, "கரண்டில ஊத்தினா எங்க போகுதுன்னு எப்படித் தெரியும்? கொஞ்சங்கொஞ்சமா விடணும்" என்று சொல்லிவிட்டுச் சொட்டுக் குழாயை எடுத்துவந்தார்.

முன் அறையில் ஒரு பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விட்டார். நீலம் மூலையில் சேர்ந்து, ஓட்டை வழியாக மெல்லத் தலையை நீட்டி, அடுத்த அறைக்குள் இறங்கியது. "போகுது, போகுது!" என்று இருவரும் ஒரே நேரத்தில் குனிந்ததில் மண்டையோடு மண்டை மோதிக்கொண்டது. மூன்றாவது அறையில் தண்ணீர் நின்றுவிட்டது. ஓட்டைக்குள் பசை உறைந்திருந்தது. அவர் ஊசியால் குத்திவிட்டார். மறுபடி ஓடியது. பின்பக்கத்திலிருந்து விட்டாலும் திரும்பி வந்து, இரண்டாவது பாய்மரத்துக்குச் சற்றுப் பின்னால்தான் தேங்கியது. புத்தகம் பம்பு வைக்கச் சொன்ன முன்பக்கம் காய்ந்து கிடந்தது.

அவர் புத்தகத்துப் படத்தைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். "அங்க வச்சா காத்தைத்தான் இறைக்கும்" என்றார், யாரிடமோ சொல்வது போல.

அப்போது மேசை விரிப்பில் நீலமாக ஒரு பொட்டு. பக்கத்தில் இன்னொன்று.

"ஒழுகுது!" என்று அவர் கத்தினார். பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்த்தவர் போல முகமெல்லாம் சிரிப்பு. "நிஜக் கப்பல் மாதிரியே ஒழுகுதும்மா!"

பம்பை இடம் மாற்றினார்கள். தேங்குகிற இடத்துக்கு நேர் மேலே தளத்தில் சரக்கு இறக்கும் வாசல் ஒன்று வரவேண்டியிருந்தது. அதை ஒரு விரல்கடை முன்னால் நகர்த்தினார் அவர். யாரிடமும் கேட்கவில்லை. பம்பிலிருந்து அடிவரை குழாய் போக வேண்டாமா என்று அவள் கேட்டாள். தீர்ந்துபோன பேனா ரீஃபிள் குழாயானது.

தளத்தை ஒட்டி மூட வேண்டியதுதான் பாக்கி. அந்தச் சமயத்தில் எஞ்சின்காரர் பேன்ட்டை வாங்கிப்போக வந்து, தன் படகைப் பார்க்க மறுபடி கூப்பிட்டார். இருவரும் போனார்கள். எண்ணெய் வாடை அடிக்கும் எஞ்சின் அறையில் தரைத் தகட்டைத் தூக்கிக் காட்டினார். அவள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டாள். டார்ச் வெளிச்சத்தில் இரும்பு விலா, அதன் அடியில் ஓட்டை, அதற்குள் கறுப்புத் தண்ணீர் கனமாக ஆடிக்கொண்டிருந்தது. விரலை விட்டுப் பார்த்தாள். விரல் முழுக்கப் போயிற்று.

மேலே நின்ற வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "ஒரு சந்தேகம். இது அடைச்சுக்கிச்சுன்னா, ஆள் நுழைய முடியாத இடத்துல எப்படி எடுப்பீங்க?"

"இதுல கம்பி விட்டுக் குத்துவோம். ஆனா நான் முதல்ல வேலை பார்த்த மரப்படகுல ஒரு வேலை பண்ணியிருந்தாங்க சார். எல்லா ஓட்டைக்குள்ளயும் ஒரு நீளச் சங்கிலியக் கோத்து விட்டிருந்தாங்க. அடைச்சா, மேலேருந்து அப்படியும் இப்படியும் இழுத்தா போதும். குப்பை கலைஞ்சிடும்."

தரையில் கிடந்தவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். "சங்கிலியா!"

திரும்பி வரும் வழியெல்லாம் இருவரும் சங்கிலியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். அவளுடைய பெட்டியில் அறுந்துபோன கவரிங் சங்கிலிகள் இருந்தன, மயிரிழை போல. அவர் ஊசியில் நூலைக் கோத்து ஓட்டை ஓட்டையாக முன்னால் செலுத்த, அவள் நூலின் பின்னால் சங்கிலியை இழுத்தாள். பக்கத்துக்கு ஒன்று. நுனி இரண்டையும் சரக்கு வாசலுக்கு அடியில் விட்டார்கள். பிறகுதான் தளத்தை மூடினார்கள்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கப்பலுக்கு இன்னும் பாய் கட்டவில்லை, கயிறும் பாதியில் நிற்கிறது. மேசையும் திரும்பக் கிடைக்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் பாய்மரத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அவர் விடுவதில்லை. வாசல் மூடியை இடுக்கியால் எடுத்து, சங்கிலி நுனியை அவர்கள் கையில் கொடுத்து, "மெதுவா இழுங்க, காதைக் கிட்ட வச்சுக் கேளுங்க" என்கிறார். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே குனிகிறார்கள். மூடிய கப்பலுக்குள், சங்கிலி விலா விலாவாகத் தாண்டிப் போகும் சத்தம் கேட்கிறது.

பிரிப்பக்கா அப்போது அங்கே இருப்பதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, நங்கூரக் கயிறு ஏன் வலப்பக்கம் முறுக்கியிருக்கிறது என்று புரி புரியாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.